உப்பும் பொறுமையும்

கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வரும் யாத்திரிகர்களின் கண்ணை அலைகளுக்கு முன்பே கவர்ந்துவிடுபவை, தள்ளுவண்டிகளில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகள். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசித் துண்டு எல்லாம் உப்பு நீரில் ஊறிக் கிடக்கும். மலையாளத்தில் இவற்றுக்கு 'உப்பிலிட்டது' என்று பெயர். நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை! தொட்டுக்கொள்ள மிளகாய் விழுது. 1498-ல் மிளகைத் தேடி இக்கரைக்கு வந்த போர்த்துகீசியர், பின்னர் நமக்குக் கொண்டுவந்த சரக்கல்லவா மிளகாய்!

உப்புக்கோ இங்கே வேறு சரித்திரம் உண்டு. 1930 மே மாதத்தில் இதே கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறிய சத்தியாக்கிரகிகள் தடியடி பட்டார்கள்.

அந்த உப்பும் சில நாள் பொறுமையுமே காயைப் பதப்படுத்தப் போதும். உப்பு உள்ளே இறங்க, காயின் நீர் வெளியே வரும். கெடுக்கும் கிருமிகள் எளிதில் வளரா. அவசரக்காரர்களோ கடுமையான அமிலத்தை நாடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு மாணவர், கடையிலிருந்த புட்டித் திரவத்தைத் தண்ணீரென்று குடித்துப் புண்பட்டார். நகரசபை சில காலம் விற்பனையையே தடுத்தது. குற்றமற்ற வியாபாரிகளின் பிழைப்பும் அதனுடன் நின்றது.

ஆகையால், நேயர்களே, வாங்குமுன் "எத்தனை நாள் ஊறியது?" என்று கேளுங்கள். பொறுத்திருந்து பதமான காய்க்கு இரண்டு காசு அதிகம் கொடுப்பதில் நமக்கு நஷ்டமில்லை.