ஆனந்த கிருஷ்ணன் (தொழிலதிபர்)

ஆனந்த கிருஷ்ணன் (ஏப்ரல் 1, 1938 – நவம்பர் 28, 2024) மலேசியத் தமிழ்த் தொழிலதிபர். முழுப்பெயர் தத்பரானந்தம் ஆனந்த கிருஷ்ணன். எண்ணெய் வணிகத்தில் தொடங்கி, செயற்கைக்கோள், தொலைக்காட்சி, செல்பேசி, மின் உற்பத்தி, கடலடி எண்ணெய் எடுப்பு ஆகிய துறைகளில் பெருநிறுவனங்களை உருவாக்கியவர். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் அமைந்த நகர்மையத் திட்டத்தின் மூலவர். உலகின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக இருந்தும் நேர்காணல்களையும் மேடைகளையும் தவிர்த்தவர். தமிழ்நாட்டில் அவரைப் பெயரால் அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அவருடைய நிறுவனமான ஏர்செல்லின் சிம் அட்டை ஒரு காலத்தில் இங்கு பல இலட்சம் பேரின் செல்பேசிகளில் இருந்தது.

பிறப்பும் பின்புலமும்

ஆனந்த கிருஷ்ணன் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். தந்தை அரசுப் பணியில் இருந்தவர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவுக்குச் சென்ற தமிழர்களில் இரு பெரும் பிரிவினர் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்புப்பாதை, சாலைப் பணிகளிலும் கூலிகளாக உழைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களோ அங்குள்ள மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றிருந்ததால் எழுத்தர், ரயில் நிலைய அலுவலர், நில அளவையாளர் போன்ற பணிகளில் அமர்ந்தனர். ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் இவர்களின் முதன்மையான வாழ்விடங்களில் ஒன்றாயிற்று. நிலமோ முதலோ இல்லாத இந்தக் குடும்பங்களுக்குக் கல்வி ஒன்றே சொத்து. ஆனந்த கிருஷ்ணனின் வாழ்க்கையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கல்வி

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றார். பின்னர் கோலாலம்பூரின் புகழ்பெற்ற விக்டோரியா கல்விநிலையத்தில் படித்தார். கொழும்புத் திட்ட உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் இளங்கலை (ஆனர்ஸ்) பட்டம் பெற்றார். 1950-இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் நாடுகளின் மாநாட்டில் உருவானது கொழும்புத் திட்டம். ஆசிய நாடுகளின் இளைஞர்கள் வெளிநாடுகளில் உயர்கல்வி பெற இது வழி திறந்தது. பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1964-இல் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார்.

எண்ணெய் வணிகம்

நாடு திரும்பிய ஆனந்த கிருஷ்ணன் முதலில் ஓர் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு எக்ஸாயில் டிரேடிங் என்ற நிறுவனத்தின் வழியே எண்ணெய்த் துறையில் இறங்கினார். கச்சா எண்ணெய் வாங்கி விற்பது, பல நாடுகளில் எண்ணெய் தோண்டும் உரிமங்களைப் பெறுவது ஆகியவை இதன் பணிகள்.

அவர் இத்துறைக்கு வந்த காலம் முக்கியமானது. அதுவரை உலக எண்ணெய் வணிகம் சில மேலைநாட்டுப் பெருநிறுவனங்களின் பிடியில் இருந்தது. கிணறு, குழாய், கப்பல், சுத்திகரிப்பு ஆலை, விற்பனை நிலையம் அனைத்தும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும். இடையில் தனி வணிகருக்கு இடமில்லை. 1970-களில் எண்ணெய் வள நாடுகள் தம் கிணறுகளைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கின. 1973 அக்டோபர்ப் போரையடுத்து அரபு நாடுகள் விதித்த ஏற்றுமதித் தடையால், பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் ஏறத்தாழ 12 டாலரானது. புதிதாக எண்ணெய் விற்க வந்த அரசுகளுக்கும் அதை வாங்கத் தவித்த நாடுகளுக்கும் இடையே பேசி முடிக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டனர். ஆனந்த கிருஷ்ணனின் முதல் பெருஞ்செல்வம் இந்த இடைவெளியில் சேர்ந்தது.

மலேசியாவிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1974-இல் பெட்ரோலிய வளம் முழுவதையும் நாட்டின் உடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதை நிருவகிக்க அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று பெட்ரோனாஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. அதன் தொடக்ககால இயக்குநர்களில் ஆனந்த கிருஷ்ணனும் ஒருவர். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இயக்குநர் குழுவிலும் 1980-களில் இருந்தார்.

எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காகப் பாடகர் பாப் கெல்டாஃப் 1985 ஜூலை 13 அன்று நடத்திய ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சிக்குப் பின்னணியில் உதவியவர்களுள் ஆனந்த கிருஷ்ணனும் ஒருவர். இலண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்து, செயற்கைக்கோள் வழியே பல நாடுகளில் ஒளிபரப்பான நிகழ்ச்சி அது.

இரட்டைக் கோபுரங்கள்

கோலாலம்பூரின் அம்பாங் சாலையில், நகரின் நடுவே, சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் குதிரைப்பந்தயத் திடல் இருந்தது. சுமார் 100 ஏக்கர் நிலம். பந்தய நாட்களில் நகரப் போக்குவரத்தே நின்றுவிடும். திடலை நகருக்கு வெளியே மாற்றிவிட்டு, அந்த இடத்தில் அலுவலகங்களும் கடைத்தெருவும் பூங்காவும் கொண்ட புதிய நகர்மையம் அமைக்கலாம் என்ற திட்டத்தை ஆனந்த கிருஷ்ணன் முன்வைத்தார். அன்றைய பிரதமர் மகாதீர் முகமது ஆதரித்தார். பெட்ரோனாஸ் பெரும்பங்கு ஏற்றது.

கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி வடிவமைத்த இரட்டைக் கோபுரங்கள் 88 மாடிகளும் 452 மீட்டர் உயரமும் கொண்டவை. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் 11 நிலைகளுடன் 66 மீட்டர் உயரம் கொண்டது. அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கொண்டால் இவற்றின் அளவு விளங்கும். 1998 முதல் 2004 வரை உலகின் மிக உயரமான கட்டடங்கள் இவையே. கோபுரங்களின் அடியில் 50 ஏக்கர் பூங்கா பொதுமக்களுக்கு விடப்பட்டது.

செயற்கைக்கோள், தொலைக்காட்சி, செல்பேசி

1990-களில் ஆனந்த கிருஷ்ணன் தகவல்தொடர்புத் துறைக்கு வந்தார். 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1 விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டு அதன் வழியே ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி தொடங்கியது. மேக்சிஸ் நிறுவனம் மலேசியாவின் முன்னணிச் செல்பேசி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2009-இல் மேக்சிஸ் பங்கு வெளியீட்டில் சுமார் 1,120 கோடி ரிங்கிட் திரட்டியது. தென்கிழக்கு ஆசியாவில் அதுவரை நடந்தவற்றுள் அதுவே மிகப் பெரியது.

மலேசியத் தமிழர்களின் அன்றாட வாழ்வை ஆஸ்ட்ரோ பெரிதும் மாற்றியது. அதற்கு முன் தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். ஆஸ்ட்ரோவின் ‘வானவில்’ அலைவரிசையும் ‘ராகா’ வானொலியும் தமிழுக்கென முழுநேர இடம் தந்தன. உள்ளூர்த் தமிழ் அறிவிப்பாளர்கள், நடிகர்கள், பாடகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என ஒரு தலைமுறைக்கே இவை தொழிற்களமாயின.

தாய்நிலமான இலங்கையிலும் அவர் முதலீடு செய்தார். ஸ்ரீலங்கா டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 45 விழுக்காட்டுப் பங்கு அவருடைய குழுமத்திடம் இருந்தது. மின் உற்பத்தி, பந்தயச் சீட்டு, குதிரைப்பந்தயம் ஆகிய தொழில்களும் அவரிடம் இருந்தன. இவற்றையெல்லாம் இணைத்த தாய் நிறுவனம் உசாகா தெகாஸ்.

கடலடி எண்ணெயும் மிதவைக் கப்பல்களும்

எண்ணெய்த் தொழிலை ஆனந்த கிருஷ்ணன் முழுவதும் விட்டுவிடவில்லை. அவர் குழுமத்தின் பூமி ஆர்மடா நிறுவனம் கடலில் எண்ணெய் எடுப்போருக்குக் கப்பல்களை அமைத்து வாடகைக்கு விடுகிறது. இது 2011-இல் மலேசியப் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஆழ்கடலில் எண்ணெய் கிடைக்கும்போது, கரைவரை குழாய் பதிப்பது பெருஞ்செலவு. சிறிய வயலாக இருந்தால் கட்டுப்படியாகாது. அதற்குத் தீர்வாக வந்தவை எஃப்.பி.எஸ்.ஓ. என்னும் மிதவை ஆலைகள். பழைய எண்ணெய்க் கப்பலையே பல சமயம் மாற்றியமைத்து, கிணறுகளுக்கு மேலே நங்கூரமிட்டு நிறுத்துவர். கடலடியிலிருந்து வரும் கலவையில் எண்ணெய், எரிவாயு, நீர் மூன்றையும் கப்பலிலேயே பிரிப்பர். எண்ணெய் கப்பலின் வயிற்றில் சேமிக்கப்படும். வேறு கப்பல் வந்து அதை ஏற்றிச் செல்லும். வயல் வற்றினால் நங்கூரத்தை எடுத்து வேறிடம் செல்லலாம்.

பூமி ஆர்மடாவின் மிதவைகள் நைஜீரியா, அங்கோலா, பிரிட்டனின் வடகடல் ஆகிய இடங்களில் பணியாற்றின. இந்தியாவிலும் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துடன் சேர்ந்து ஓ.என்.ஜி.சி.க்காக இயங்குகின்றன. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வயலில் 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் எடுக்கப்பட்டதும் இத்தகைய மிதவை வழியேதான்.

ஆனால் இது கடனை நம்பி நடக்கும் தொழில். 2014-இல் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியபோது, பூமி ஆர்மடா பெரும் நட்டத்தில் சிக்கியது. பிறகு செலவைக் குறைத்து, சிறு கப்பல்களை விற்று மெல்ல மீண்டது.

ஏர்செல்

தமிழ்நாட்டில் 1999-இல் சேவை தொடங்கிய ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்கை 2006-இல் மேக்சிஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. நகரங்களோடு நிற்காமல், திருவண்ணாமலை போன்ற கோயில் ஊர்களிலும் அவற்றைச் சுற்றிய சிற்றூர்களிலும் குறைந்த கட்டணத்தில் சேவை தந்து ஏர்செல் வளர்ந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டையிலும் அதன் பெயர் இடம்பெற்றது.

இந்தப் பங்கு விற்பனையே பின்னர் வழக்காயிற்று. அன்றைய மத்திய தகவல்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன், ஏர்செல்லை மேக்சிஸுக்கு விற்குமாறு அதன் உரிமையாளர் சி. சிவசங்கரனை நெருக்கினார் என்றும், அதற்குக் கைம்மாறாக சன் குழும நிறுவனத்தில் முதலீடு செய்யப்பட்டது என்றும் சி.பி.ஐ. குற்றஞ்சாட்டியது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தனர். 2014-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆனந்த கிருஷ்ணன் இந்திய நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. மலேசியர்கள் மீதான விசாரணை தனியாகப் பிரிக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 2 அன்று தில்லி தனிநீதிமன்றம் மாறன் சகோதரர்கள் உள்ளிட்டோரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது.

வழக்கு நடக்கும்போதே நிறுவனம் நலிந்துகொண்டிருந்தது. அலைக்கற்றைக்குச் செலுத்திய பெருந்தொகை, கடன் வட்டி, 2016-இல் ஜியோ வந்தபின் மூண்ட கட்டணப் போட்டி ஆகியவை அதை வீழ்த்தின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் முயற்சி 2017-இல் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் ஏர்செல் தொடர்பு அற்றுப்போனது. ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள், எண்ணை மாற்றிக்கொள்ளக் கடைகளின் முன் திரண்டனர். மாதக் கடைசியில் நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடியது. ஆனந்த கிருஷ்ணனின் இழப்பு சுமார் 700 கோடி டாலர் என்று ஊடகங்கள் மதிப்பிட்டன. முகவர்கள், கடைக்காரர்கள், ஊழியர்கள் ஆகியோரின் நிலுவையும் அந்தத் திவாலில் முடங்கியது.

தனிவாழ்க்கை

ஆனந்த கிருஷ்ணன் பௌத்த நெறியைப் பின்பற்றியவர். நண்பர்கள் வட்டத்தில் ‘ஏ.கே.’ எனப்பட்டார். மலேசியாவின் உயரிய ‘டான் ஸ்ரீ’ பட்டம் பெற்றவர். ஒரு மகனும் இரு மகள்களும் அவருக்கு உண்டு.

அவருடைய ஒரே மகன் பதினெட்டு வயதில் தாய்லாந்தில் துறவு பூண்டார். இன்று அஜான் சிரிபான்யோ என்று அறியப்படும் அவர், அஜான் சா வழிவந்த காட்டுத்துறவியர் மரபைச் சேர்ந்தவர். தாய்லாந்து–மியான்மர் எல்லையருகே உள்ள மடமொன்றின் தலைவர். இந்த மரபில் துறவி பணத்தைத் தொடக்கூடாது. காலையில் ஓட்டேந்தி மக்கள் இடுவதை மட்டுமே உண்ண வேண்டும்.

திருவண்ணாமலையை அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதல்ல. 1896-இல் பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்த வேங்கடராமன் என்னும் ரமண மகரிஷியை, தாய் அழகம்மாள் தேடிவந்து அழைத்தும் அவர் திரும்பவில்லை. பின்னர் தாயே மகனிடம் வந்து தங்கினார். ஆனந்த கிருஷ்ணனும் மகனைத் தொழிலுக்கு இழுக்க முயலவில்லை. தந்தையும் மகனும் தொடர்ந்து சந்தித்து வந்தனர். தொழிலை வழிநடத்தும் பொறுப்பு, பெற்ற மகனுக்கன்றி, நெடுநாள் உடனிருந்த நிருவாகிகளிடம் சென்றது.

மறைவு

ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28 அன்று தம் 86-ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு அவருடைய சொத்து மதிப்பை சுமார் 500 கோடி டாலர் என ஃபோர்ப்ஸ் இதழ் கணித்திருந்தது. மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் உள்ளிட்டோர் இரங்கல் தெரிவித்தனர்.

மதிப்பீடு

தமிழ்ப்பள்ளியில் படித்து, உதவித்தொகையால் உயர்ந்த சிறுபான்மைச் சமூகத்தவர் ஒருவர் ஒரு நாட்டின் தலைநகர வடிவையே மாற்றினார் என்பது ஆனந்த கிருஷ்ணனின் முதன்மையான சாதனை. அரசு உரிமம் தேவைப்படும் துறைகளிலேயே அவர் பெரிதும் வளர்ந்தார். எண்ணெய், அலைக்கற்றை, மின்சாரம், பந்தயம் அனைத்தும் அத்தகையவை. அதனால் அரசியல் நெருக்கம் அவருக்குத் துணையானது என்ற விமர்சனம் தொடர்ந்து இருந்தது. இந்தியாவில் அதுவே நீதிமன்றம்வரை சென்றது. தம் தரப்பை அவர் பொதுவெளியில் விரிவாகப் பேசியதில்லை, தன்வரலாறு எழுதியதுமில்லை. எனவே அவரை அறிய எஞ்சியிருப்பவை அவர் கட்டியவையும் இழந்தவையுமே. கோலாலம்பூரில் கோபுரங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் ஏர்செல் பெயர்ப்பலகைகள் இறங்கிவிட்டன.