பிக்கப்பின் பால் ஜாயிண்ட்: வீட்டிலேயே மாற்றலாமா?

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். நேரான சாலையிலும் ஸ்டியரிங் அலைகிறது. முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது. உங்கள் பிக்கப்பில் இவை தெரிந்தால், பால் ஜாயிண்ட்டைச் சோதித்துவிடுங்கள்.

அது என்ன? தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் சுழல்கிறதே, அதே மாதிரியான மூட்டுதான். எஃகு உருண்டை ஒன்று கிண்ணத்துக்குள் கிரீஸில் சுழலும். நக்கிளை (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பாகம்) சஸ்பென்ஷன் ஆர்முடன் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை) சேர்ப்பது இதுதான்.

ஏன் தேய்கிறது? மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். பிறகு உருண்டை தேய்ந்துகொண்டே போகும்.

சத்தத்தோடே ஓட்டினால் என்ன? ஒருநாள் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்று, ஓடும் வண்டியின் சக்கரம் சாய்ந்துவிடலாம். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. டொயோட்டா நிறுவனம் 2005-இல் டகோமா பிக்கப் உள்ளிட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இந்த மூட்டுக்காகத்தான்.

எப்படிச் சோதிப்பது? ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியானால், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், மூட்டை ஒட்டி வைத்துச் சக்கரத்தைச் சற்றே தூக்குங்கள். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். இனி டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து, மாற்றி மாற்றித் தள்ளி இழுங்கள். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியும் பாருங்கள்.

ஆட்டம் வீல் பேரிங்கிலிருந்தும் வரலாமே? வரலாம். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகியுங்கள்.

சரி, நானே மாற்றலாமா? மூட்டு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். போல்ட்டில் நிற்பதானால், ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் மாற்றலாம். அழுத்திச் செருகியதானால் அதற்கென உள்ள பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது மூட்டும் ஆர்மும் வீணாகும். அதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

எதில் உயிராபத்து? இரண்டில். முதலாவது ஜாக்கி: அதை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். இரண்டாவது ஸ்பிரிங்: மூட்டைக் கழற்றியதும் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் கீழ் ஆர்மை வேகமாக அடித்துத் தள்ளும். அதனால் வேலை முடியும்வரை கீழ் ஆர்முக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி தாங்கி நிற்கட்டும். டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) உள்ள வண்டியானால், கையேட்டில் சொன்னபடி முதலில் அதைத் தளர்த்துங்கள்.

எப்படிக் கழற்றுவது? சக்கரத்தை எடுத்துவிட்டு, மூட்டின் ஸ்பிளிட் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) உருவுங்கள். நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அப்படியே விடுங்கள். மூட்டு திடீரென விடுபட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும். புல்லர் (மூட்டை இழுத்துப் பிரிக்கும் கருவி) போட்டு மூட்டை விடுவித்த பிறகு நட்டை முழுதும் எடுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடையை பிரேக் ஹோஸ் தாங்கக் கூடாது.

புதியதைப் பொருத்தும்போது? நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கே டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று முடுக்குங்கள். ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். புது ஸ்பிளிட் பின்தான் போட வேண்டும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு வாய்) இருந்தால், ரப்பர் உறை லேசாக உப்பும்வரை கிரீஸ் அடியுங்கள்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. மெதுவாகவே ஓட்டிப்போய் வீல் அலைன்மென்ட் பாருங்கள்; இல்லாவிட்டால் புது மூட்டு இருந்தும் டயர் ஓரம் தேயும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். மறுபக்க மூட்டையும் சோதியுங்கள். அதுவும் இதே பள்ளங்களில் இறங்கி ஏறியதுதான்.