கழுத்துப் புண் ஆறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?



கழுத்தில் கழலை வந்து, ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்துகொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “தையல் பிரிச்சாச்சு, புண்ணும் ஆறிப்போச்சு. இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்த மாத்திரை?”

தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டவர்களுக்கு இதற்கு ஒரே பதில்தான். ஆயுள் உள்ளவரைக்கும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிப்போகிறது. “அப்படின்னா சீக்கு இன்னும் போகலையா?” என்கிறார்கள். அப்படியல்ல. அந்த மாத்திரை சீக்குக்குக் கொடுக்கும் மருந்தே அல்ல. உடம்பில் இல்லாமல் போன ஒரு பொருளை நாள்தோறும் ஈடுகட்டுவது அது. இதைப் புரிந்துகொள்ளாமல் மாத்திரையை நிறுத்திய ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அதில் என்னுடைய தவறும் இருக்கிறது.

நான் கேட்கத் தவறிய கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்து சேர்ந்தவர் அந்த அம்மா. வயது 38. வேறு தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு மாறி வந்தவர். ஒரு நாள் காலையில் கிளினிக்குக்கு வந்தார். கொசுவுக்காகக் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.

“ஒண்ணும் முடியலைங்க ஐயா. கத்தியைப் பிடிச்சா கை கனக்குது. பாதி நிரை வெட்டுறதுக்குள்ள உட்கார்ந்துடலாம் போல இருக்கு.”

முகம் வெளுத்து, லேசாக வீங்கினாற்போல் இருந்தது. ரத்தசோகை என்று நினைத்தேன். இரும்புச் சத்து மாத்திரையும் வைட்டமினும் கொடுத்து, “கீரை நல்லாச் சாப்பிடும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். நடை தளர்ந்திருந்தது. குரல் தடித்து, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. வெயில் நேரத்தில் போர்வை கேட்கிறாராம். மண்டோர், “சோம்பேறித்தனம்” என்று ஏசியிருக்கிறார். வீட்டிலோ, “புது இடம், காத்து கருப்பு அடிச்சிருக்கும்” என்று கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றைப் பார்ப்பதற்காகத் துண்டை விலக்கியபோதுதான் கழுத்தின் குறுக்கே ஓடிய தழும்பைக் கண்டேன்.

“இது என்னம்மா?”

“அதுங்களா, போன வருசம் கழலையை எடுத்தாங்க. மாத்திரை கொடுத்தாங்க. இங்க வந்த பிறகு தீர்ந்துபோச்சு. ஒரு நாள் சம்பளம் போயிடுமேன்னு வாங்கப் போகலை. ரெண்டு வாரம் போடாமப் பார்த்தேன், ஒண்ணும் செய்யலை. சரி, தேவையில்லைன்னு விட்டுட்டேங்க.”

விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தைச் சோதித்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். பழைய சுறுசுறுப்பு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் நாளே “இதற்கு முன் ஏதாவது ஆப்பரேஷன் நடந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?” என்று நான் கேட்டிருந்தால், அந்த அம்மாவுக்கு இரண்டு வாரத் துன்பமும் ஏச்சும் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு வாரம் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, மூச்சுக் குழாயின் முன்னால், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் இருக்கும் சிறு சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். அது சுரக்கும் முக்கியமான ஹார்மோனுக்குத் தைராக்சின் என்று பெயர். இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், குடல் எப்படி அசைய வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த ஹார்மோன் வேண்டும். ஆலை எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹார்மோன் ரத்தத்தில் நெடுநாள் தங்கும். இருப்பதில் பாதி குறையவே ஏறக்குறைய 7 நாள் பிடிக்கும். ஆகவே மாத்திரையை நிறுத்திய மறுநாளே உடம்பு காட்டிக்கொடுக்காது. ஒரு வாரம், இரண்டு வாரம் நன்றாகவே ஓடும். பிறகுதான் மெல்ல மெல்ல அசதி, குளிர், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், முகவீக்கம், எடை கூடுதல், மறதி, மனச்சோர்வு, பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று ஒவ்வொன்றாக வரும். மாத்திரையை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் தியோடர் கோக்கர் கழலை ஆப்பரேஷனில் பேர் பெற்றவர். சுரப்பியை முழுவதும் எடுத்த தம்முடைய நோயாளிகளில் பலர் பிற்காலத்தில் வீங்கி, மந்தமாகிப் போனதைக் கண்டு, அதை 1883இல் அவரே வெளியிட்டார். அன்று அதற்கு மருந்து இல்லை. 1891இல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் மரே, சுரப்பி தானாகவே வேலையை நிறுத்திவிட்ட ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்மணி அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நம் கையில் இருப்பது ஆட்டுச் சாறு அல்ல. அளவு பிசகாமல் செயற்கையாகச் செய்யப்படும் லெவோதைராக்சின் மாத்திரை.

வீடு திரும்பிய முதல் நாட்களில்

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவை. ஆப்பரேஷனுக்குப் பின் அவை சில நாள் சோர்ந்துபோகலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, கை கால் இழுப்பு வந்தால், “நரம்புத் தளர்ச்சி” என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுத்து திடீரென்று வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 999 எண்ணை அழையுங்கள். புண் சிவந்து சீழ் வைத்தாலும், காய்ச்சல் அடித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குரல் சில நாள் கம்மலாக இருப்பது சாதாரணம். குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். சரியாகாவிட்டாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினாலோ சொல்லிவிடுங்கள்.

பால் வாளி தூக்குவதும், செம்பனைக் குலை அறுக்க அண்ணாந்து நிற்பதும் கழுத்துக்குப் பெரிய வேலை. டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு பெற, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இடமுண்டு. டாக்டர் கொடுக்கும் எம்.சி.யைப் பத்திரப்படுத்துங்கள். விடுப்புத் தர மறுத்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை போடும் முறை

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். இதுதான் விதி. போட்டபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் வேண்டாம். பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் கோப்பியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. பாலும் சோயாவும் அப்படியே. எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை. பிறகு குளித்து, சமைத்து, புறப்படும்போது கோப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதவர்கள் டாக்டரைக் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த நேரமானாலும் அது நாள்தோறும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி விழுங்குவது நம் மக்களின் பழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

காலையில் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், அன்றைய மாத்திரையை மட்டும் போடுங்கள்; இரண்டாகப் போட வேண்டாம். தைப்பூச விரதம் இருந்தாலும் மாத்திரையை விடாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரில் விரதம் கெடாது.

பக்கத்து வீட்டுக்காரர் 100 மைக்ரோகிராம் போடுகிறார், எனக்கு ஏன் 75 என்று ஒப்பிடாதீர்கள். சுரப்பி முழுவதும் இல்லாதவருக்கு உத்தேசமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்று தொடங்கி, வயதையும் இதயத்தையும் ரத்தச் சோதனையையும் பார்த்து டாக்டர் அளவைச் சரிசெய்வார். புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்கு அளவு சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். பாதிச் சுரப்பி மட்டும் எடுத்தவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது; அதையும் ரத்தச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

அளவு கூடிப்போனால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எடை குறைதல் உண்டாகும். இளைக்கலாம் என்ற ஆசையில் கூடுதலாகப் போடுவது இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு.

டி.எஸ்.எச். என்ற ரத்தச் சோதனையை அளவு மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் செய்வார்கள். அளவு நிலைப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை போதும். கர்ப்பமான பெண்களுக்கு இந்த ஹார்மோன் கூடுதலாக வேண்டும். தொடக்க மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியே நடக்கிறது. ஆகையால் நாள் தள்ளிப்போனதுமே டாக்டரைப் பாருங்கள். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

ஆப்பரேஷன் முடிந்தவர் முதல் இரண்டு மூன்று மாதங்களில் சோர்ந்து உட்கார்ந்தால், சட்டென்று கோபப்பட்டால், அழுதால், அது நடிப்பல்ல. அளவு அமையும்வரை உடம்பு தடுமாறும். “மாத்திரை போட்டாச்சா?” என்று காலையில் ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்க ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரையை அடுப்பங்கரையில் வைக்காமல், சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

தோட்டம் மாறிப் போகிறவர்கள் சட்டி பானையோடு ஆஸ்பத்திரி அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புதுத் தோட்டத்து டிரஸரிடம் முதல் நாளே அந்த அட்டையைக் காட்டி, “எனக்குக் கழுத்துச் சுரப்பியை எடுத்துட்டாங்க” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவரும் என்னைப் போல் கேட்க மறந்துவிடலாம்.

அந்த அம்மா இன்றும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “பாருங்க ஐயா, சரியா இருக்கா?” என்று கேட்கிறார். நானும் இப்போதெல்லாம் அசதி என்று யார் வந்தாலும், மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்கிறேன்.