குட்டி கேப்டன் ஒலிமார்

வீடியோ கேம்ல வேற்றுகிரகவாசின்னா துப்பாக்கியோட வர்ற வில்லன்னுதானே நினைப்பீங்க? கேப்டன் ஒலிமார் அப்படி இல்லை. நிண்டெண்டோ நிறுவனம் 2001-ல் வெளியிட்ட 'பிக்மின்' விளையாட்டின் நாயகன் இவர்.

சொந்த ஊர் ஹொகோடேட் கிரகம். அங்கே சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள். உயரம் நம்ம விரல் அளவுகூட இல்லை! லீவில் விண்கலத்தில் கிளம்பியவர், விண்கல் மோதி வேறொரு கிரகத்தில் விழுந்தார். கலத்தின் 30 பாகங்கள் சிதறிப்போச்சு. அங்குள்ள ஆக்சிஜன் அவருக்கு விஷம். அவரைக் காக்கும் உடை 30 நாள்தான் தாங்கும்.

அந்தப் பாகங்களைத் தூக்க அவருக்குப் பலம் இல்லை. மண்ணில் செடிபோல முளைக்கும் பிக்மின்கள்தான் கூட்டமாகச் சேர்ந்து தூக்குகின்றன. ஊரில் விளையும் பிக்பிக் காரட் ஞாபகத்தில் அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. தினமும் இரவில் கண்டதையெல்லாம் குறிப்பு எழுதுவார். பிள்ளைகள் நினைப்பும் வரும்.

பொழுது சாய்வதற்குள் விசில் ஊதி எல்லா பிக்மின்களையும் சேர்க்கணும். வெளியே நின்றவை விலங்குகளுக்கு இரையாகிவிடும். வீட்டுக்குப் போக அவசரம்தான். ஆனால் நம்பி வந்தவர்களை விட்டுவிடலாமா? விசில் நம்ம கையில்தான் இருக்கு, நண்பர்களே!