நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழமா, வெந்நீரா?

நகத்தோரம் சிவந்து வீங்கி, ராத்திரி தூங்கவிடாமல் விண் விண்ணென்று தெறிக்கிறதா? நகச்சுற்றுதான். பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலை, வாழைத் தோட்டங்களில் ஈரத்திலேயே கை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது புதுசில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நகம் கடிப்பவர்களுக்கும் வரும்.

எலுமிச்சம்பழத்தில் விரலைச் சொருகச் சொல்வார் ஒருவர், மஞ்சளோடு சுண்ணாம்பு பூசச் சொல்வார் இன்னொருவர். பழத்தின் குளிர்ச்சி இதமாக இருக்கலாம். ஆனால் கிருமி இருப்பது தோலுக்கு அடியில். சுண்ணாம்போ தோலையே அரித்துவிடும்.

ஆரம்பத்திலேயே பொறுக்கும் சூட்டு வெந்நீரில் 10-15 நிமிடம், தினம் 3, 4 முறை விரலை வைத்தால் பலருக்கு அடங்கிவிடும். சீழ் கோத்தால் வீட்டு ஊசியால் குத்தவே வேண்டாம். டாக்டர் கீறி வெளியேற்றினால் வலி சட்டென்று குறையும். சர்க்கரை நோய் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கோடு கையில் மேலேறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்க.