வில்லும் குரலும்

நாஞ்சில் நாட்டில் கோயிற்கொடை என்றால் வில்லுப்பாட்டு இன்றியமையாதது. தக்கலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில்களின் முன்றிலிலே, இரவு முழுதும் வில்லொலி கேட்பதுண்டு. ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையை நகர மேடைகளுக்கும் கொண்டு சென்றார்.

வில்லுப்பாட்டிலே ஓர் அருமை உண்டு. தலைமைப் புலவரே பாடுகிறார். அவரே வீசுகோல்களால் வில்லின் நாணையும் அடிக்கிறார். வில்லில் கட்டிய மணிகள் கலகலவென ஒலிக்கின்றன. அருகே குடமும் உடுக்கையும் தாளமும் முழங்குகின்றன. பாட்டும் கருவியும் ஒருங்கே எழுவது காதுக்கு இன்பம். ஆனால் ஒலிப்பதிவு செய்வார்க்கோ அதுவே இடர்.

பல ஆண்டுகளுக்கு முன் முதியவர் ஒருவர் பாடிய கதைப்பாட்டை நாடாவில் பதிந்தோம். ஒலிவாங்கியை வில்லின் முன்னே தரையில் வைத்துவிட்டு, யான் கண்மூடிக் கேட்டிருந்தேன். மறுநாள் நாடாவை ஓட்டினால் மணியோசையும் குடவோசையுமே நிறைந்திருந்தன. கதை அவற்றுள் அமிழ்ந்து கிடந்தது. மீண்டும் பதிவதற்குள் அம்முதியவர் மறைந்தார். ஏட்டில் ஏறாத அடிகள் அவரோடே போயின. அன்று யாம் அறியாதிருந்தவற்றை நீங்களேனும் அறிதல் வேண்டும்.

ஒலிவாங்கி ஒலியலையை மின்னலையாக மாற்றும் கருவி. அதன் வகைகளுள் இரண்டை அறிந்தால் போதும். முதல்வகையில், மெல்லிய சவ்வோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தத்தினிடையே அசைந்து மின்சாரத்தைத் தோற்றுவிக்கும். இது முழக்கத்தையும் முரட்டுக் கையாளலையும் தாங்கும். இரண்டாவது மின்தேக்கி வகை. இதிலே சவ்வும் ஒரு தகடும் அருகருகே நிற்கும். இயங்குவதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வெளியிலிருந்து தரவேண்டும். இது நுண்ணிய குழைவுகளையும் கவரும். ஆயின் அயலோசைகளையும் உடன் கவரும். ஆதலின், அமைதியான அறைக்கு மின்தேக்கி வகையும், ஒலிபெருக்கி முழங்கும் கொடைக்களத்திற்குக் கம்பிச்சுருள் வகையும் ஏற்றவை.

வகையினும் இன்றியமையாதது திசைப்பண்பு. சில ஒலிவாங்கிகள் எத்திசை ஒலியையும் ஒப்பக் கொள்ளும். சில முன்புறத்து ஒலியை மிகுதியாகவும் பின்புறத்து ஒலியை மிகக் குறைவாகவும் கொள்ளும். அவற்றின் கேட்கும் எல்லையை வரைந்தால் இதய வடிவம் தோன்றும். வேறு சில முன்னும் பின்னும் கேட்டு, இரு பக்கங்களிலும் செவிடாக நிற்கும். ஒலிவாங்கி எதைக் கேட்கும் என்பதைவிட எதைக் கேளாது என்பதை அறிந்து, அக்கேளாப்புறத்தை வேண்டாத ஓசைக்குக் காட்டுதலே பதிவின் திறம். வில் புலவரின் முன்னே தாழ்ந்து கிடக்கிறது; வாயோ மேலே இருக்கிறது. எனவே இதய வடிவப் பண்புடையதை முகவாய்க்குக் கீழே, முகம் வாயை நோக்கவும் முதுகு வில்லை நோக்கவும் சாய்த்து நிறுத்துக.

அடுத்தது தொலைவு. திறந்த வெளியிலே ஒரு சாண் தொலைவில் கிட்டும் ஒலியாற்றலில் நாலில் ஒரு பங்கே இரு சாணில் கிட்டும். மூன்று சாணில் ஒன்பதில் ஒரு பங்கே. ஆதலின் வாய்க்கு ஒரு சாண் அணித்தாக வைத்தால் குரல் முந்தி நிற்கும். ஆயினும் மிக நெருங்கலாகாது. இதய வடிவப் பண்புடையவை மிக அருகில் வந்தால் தாழ்ந்த ஒலிகள் பருத்துக் குரல் கனத்துப்போம். மேலும், பகரம் இதழ்கள் இயைவதாற் பிறப்பது என்று தொல்காப்பியம் கூறும். அவ்விதழ்கள் திறக்கும்போது வெளிப்படும் காற்று சவ்வை மோதி ‘புஸ்’ என்னும் ஓசையை எழுப்பும். வாய்க்கு நேர் எதிரே வையாது சற்றே ஒதுக்கி வைத்தலும், மெல்லிய துணித்திரை இடுதலும் இதற்கு மருந்து.

வில்லுக்கெனத் தனியே மற்றோர் ஒலிவாங்கி வைப்பதும் உண்டு. அப்பொழுது ஒரே குரல் இரண்டிலும் முன்பின்னாகச் சேரும். பாதை வேறுபாடு 34 சென்டிமீட்டராயின் காலவேறுபாடு ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரு பதிவையும் கலக்கும்போது ஓரலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து, சில சுரங்கள் மெலியும். இதனைத் தவிர்க்க, ஒலிவாங்கி தன் ஒலிமூலத்திற்கு ஒரு சாண் அணித்தாயின், இரண்டிற்கும் இடையே மூன்று சாணேனும் விடுக.

இக்கருத்துப் புதியதன்று. 1925இல் மின்முறைப் பதிவு வருமுன், பாடகர் பெருங்கூம்பின் முன் நின்று பாடினர். குரலுக்கு அண்மையும் உரத்த கருவிக்குச் சேய்மையும் அளித்தே அக்காலத்தார் ஒலிகளைச் சமன்செய்தனர். கருவி மாறினும் நெறி மாறவில்லை.

மாணவர்களே! விலை மிக்க ஒலிவாங்கியே நன்று என எண்ணற்க. கதை தொடங்குமுன் சில அடிகளைப் பாடச் செய்து பதியுங்கள். அக்கதையை அறியாத ஒருவரிடம் அதனைக் கேட்பியுங்கள். சொல் ஒவ்வொன்றும் அவருக்கு விளங்குமாயின் நீங்கள் தேர்ந்தது தக்கதே. உங்கள் ஊரிலும் ஏட்டில் ஏறாத பாட்டை நெஞ்சில் சுமந்த முதியவர் இருத்தல் கூடும். காலம் தாழ்த்தாது அவர்முன் சென்று அமருங்கள்.