உலர் கண் நோயில் ஆக்சிசனேற்ற அழுத்தம்

உலர் கண் நோய் என்பது கண்ணீர்ப் படலம் தன் சமநிலையை இழப்பதால் கண்ணின் மேற்பரப்பு பாதிக்கப்படும் நிலை ஆகும். எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சிவத்தல், விட்டுவிட்டு மங்கும் பார்வை ஆகியவை இதன் அறிகுறிகள். கண்ணீர் குறைவாகச் சுரப்பதே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் போதிய அளவு சுரந்தாலும், இமையோரத்திலுள்ள மெய்போமியன் சுரப்பிகளின் எண்ணெய் குறைந்தால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும். இரு வகையிலும் எஞ்சும் கண்ணீரின் உப்புச்செறிவு கூடுகிறது.

செயல்படும் விதம்

செல்கள் ஆற்றலை உருவாக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு, ஐதரசன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் சிறிதளவு உண்டாவது இயல்பே. அவை உடலின் தடுப்பாற்றலை மீறிப் பெருகும் நிலையே ஆக்சிசனேற்ற அழுத்தம். இரத்தக் குழாய்கள் இல்லாத கருவிழி, தனக்கு வேண்டிய ஆக்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. புற ஊதாக் கதிர்களும் அதன்மீது நேரடியாக விழுகின்றன. எனவே அதற்குத் தனிப் பாதுகாப்பு தேவை. வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளூட்டாதயோன் ஆகியவை கண்ணீரில் உள்ளன. லாக்டோபெரின் என்ற புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தீங்கு மிகுந்த ஐதராக்சில் உறுப்பு உருவாவது குறைகிறது. கண்ணீர் வற்றினால் ஈரத்துடன் இந்தக் காவலும் போய்விடுகிறது.

உப்புச்செறிவு மிகுந்த கண்ணீர், மேற்பரப்புச் செல்களில் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. இவை என்எல்ஆர்பி3 என்ற புரதத் தொகுதியைத் தூண்ட, இன்டர்லியூக்கின்-1 பீட்டா வெளியாகி அழற்சி தொடங்குகிறது. சளிப்பொருளைச் சுரக்கும் கிண்ணச் செல்கள் அழிவதால் கண்ணீர்ப் படலம் இன்னும் விரைவாக உடைகிறது. உப்புச்செறிவு மீண்டும் உயர்கிறது. இச்சுழற்சியில் எது முதல், எது விளைவு என்று பிரிப்பது கடினம்.

சான்றுகள்

நோயாளிகளின் கண்ணீரில் மலோண்டையால்டிகைடு போன்ற, கொழுப்புகள் ஆக்சிசனேற்றம் அடைந்ததைக் காட்டும் பொருட்கள் மிகுந்து காணப்படுகின்றன. இது உடனிருப்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. சூப்பராக்சைடை அகற்றும் நொதிக்கான சாட்1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில், வயதாக ஆகக் கண்ணீர்ச் சுரப்பியில் அழற்சி ஏற்பட்டுச் சுரப்பு குறைந்தது 2012இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இதுவே வலுவான சான்று.

மருத்துவம்

ஆய்வகத்தில் கிடைத்த நம்பிக்கை மருத்துவமனையில் அப்படியே கிடைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவைச் சென்றடையுமாறு உருசியாவில் உருவாக்கப்பட்ட எஸ்கேகியூ1 சொட்டு மருந்து அங்கு விற்பனையில் உள்ளது. எனினும் அமெரிக்காவில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனைகளில் அது முதன்மை இலக்குகளை எட்டவில்லை. முக்கியமாக அழற்சியைக் குறைக்கும் எனக் கருதப்பட்ட ஒமேகா-3 மாத்திரைகளும் 535 பேரிடம் 12 மாதங்கள் சோதிக்கப்பட்டன. 2018இல் வெளியான முடிவின்படி, ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அவை குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை.

நடைமுறையில் உடனே பயன்படும் செய்தி வேறொன்று. பல சொட்டு மருந்துகளில் பதப்படுத்தியாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடே கண் மேற்பரப்பில் ஆக்சிசனேற்ற அழுத்தத்தை உண்டாக்கக்கூடியது. கண்ணழுத்த நோய்க்காக ஆண்டுக்கணக்கில் தினமும் சொட்டு விடுவோரிடம் உலர் கண் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தகையோருக்குப் பதப்படுத்தி இல்லாத, ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். விலை சற்றுக் கூடுதல்.